மேடையில் யார், மேடை யாருடையது?

மினியாபொலிஸ் நகரில் சிகாகோ அவென்யூ என்று நீளமான ஒரு சாலை இருக்கிறது. மிசிசிப்பி ஆற்றங்கரையில், குத்ரி நாடக அரங்கை ஒட்டித் தொடங்கித் தெற்கே ஓடுகிறது. அதே சாலையில் பேருந்து ஏறிப் போனால் 38ஆம் தெருச் சந்திப்பு வரும். 2020 மே 25 அன்று ஒரு போலீஸ்காரர் ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்தில் முழங்காலை வைத்து அழுத்திக் கொன்றது அங்கேதான். அடுத்த சில வாரங்களில் அமெரிக்க நாடக அரங்குகள் வரிசையாக வருத்த அறிக்கைகள் வெளியிட்டன. வெள்ளையர் அல்லாத நாடகக் கலைஞர்கள் 300க்கும் மேற்பட்டோர், வெள்ளை அமெரிக்க நாடக உலகத்தை விளித்து ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். உங்கள் அறிக்கை இருக்கட்டும், உங்கள் மேடைகளில் எங்களுக்கு என்ன இடம் என்பதுதான் அதன் சாரம்.

அந்தக் கேள்வியைக் கால்நடையாகவே கேட்டுப் பார்க்கலாம் என்று ஓர் இலையுதிர்காலச் சனிக்கிழமை கிளம்பினோம். மினியாபொலிஸும் பக்கத்து நகரமான செயின்ட் பாலும் சேர்ந்து இரட்டை நகரங்கள் எனப்படுகின்றன. நியூயார்க்கை விட்டு வெளியே வந்தால் நாடகத்துக்குப் பேர்போன ஊர்களில் இதுவும் ஒன்று. எனக்கு வழிகாட்டி என் அண்ணன் மகள். இந்த ஊரின் புறநகரில் பிறந்து வளர்ந்தவள். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் நாடகம் படிக்கிறாள். அண்ணனின் மன அமைதிக்காகக் கூடவே கணினி அறிவியலும் படிக்கிறாள்.

"அத்தை, நாலு இடம் போறோம். எங்கேயும் நாடகம் பார்க்கப் போறதில்ல. கட்டிடத்தைப் பாருங்க. அதுவே நிறைய சொல்லும்" என்றாள்.

நீலக் கட்டிடம்

குத்ரியின் கட்டிடம் கருநீல உலோகத் தகடு போர்த்தியது. பிரெஞ்சுக் கட்டிடக் கலைஞர் ஜான் நூவெல் வடிவமைத்து 2006இல் திறக்கப்பட்டது. செலவு 125 மில்லியன் டாலர். வெளிச்சுவர்களில் பழைய நாடகக் காட்சிகளின் உருவங்கள் பேயுருவம்போல் மங்கலாகப் பதிந்திருக்கின்றன. உள்ளே நுழைந்து நீண்ட நகரும் படிக்கட்டில் மேலே போனால், ஆற்றை நோக்கி அந்தரத்தில் 178 அடி நீண்டு நிற்கும் ஒரு நடைப்பாலம். 'முடிவற்ற பாலம்' என்று அதற்குப் பெயர். அங்கே போய் நிற்க டிக்கெட் வேண்டாம். எதிரே செயின்ட் அந்தோணி அருவி, வளைவுகள் கொண்ட கல் பாலம், கோதுமை மாவு ஆலைகளின் இடிபாடுகள். இந்த நகரின் செல்வம் அந்த மாவில் வந்தது. அருவியோ அதற்கும் வெகுகாலம் முன்பிருந்தே டகோட்டா மக்களின் புனித இடம்.

குத்ரி பிறந்த கதை சுவையானது. பிரிட்டிஷ் இயக்குநர் டைரோன் குத்ரியும் இரண்டு நண்பர்களும் நியூயார்க்கின் பிராட்வே நாடக உலகின் வணிகப் போக்கில் சலித்துப்போனார்கள். 1959இல் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையின் நாடகப் பக்கம் வழியாக, தரமான நாடக அரங்கு ஒன்றை வரவேற்கும் ஊர் எது என்று கேட்டார்கள். ஏழு ஊர்கள் கை தூக்கின. மினியாபொலிஸ் வென்றது. 1963 மே 7 அன்று 'ஹாம்லெட்' நாடகத்தோடு கதவு திறந்தது. அமெரிக்கா முழுவதும் வட்டார அரங்குகள் பெருகுவதற்கு இது முன்மாதிரி ஆயிற்று. ஐரோப்பியச் செவ்வியல் நாடகங்களை நல்ல நடிகர்களைக் கொண்டு உள்ளூர் மக்களுக்குக் காட்டுவது என்பதே தொடக்கக் கனவு. அந்தக் கனவில் ஷேக்ஸ்பியர் இருந்தார், செகாவ் இருந்தார். ஊரின் கறுப்பரும் பூர்வகுடிகளும் இருந்ததாகத் தெரியவில்லை.

2012இல் பொன்விழாப் பருவத்துக்கான நாடகப் பட்டியல் வெளியானபோது இது பெரிய சர்ச்சையாக வெடித்தது. முக்கிய மேடைகளுக்கு எழுதியவர்களும் இயக்குபவர்களும் ஏறத்தாழ அனைவரும் வெள்ளைக்கார ஆண்கள் என்று உள்ளூர்க் கலைஞர்களும் பத்திரிகைகளும் கேள்வி எழுப்பினார்கள். அப்போதைய கலை இயக்குநர் ஜோ டவுலிங் தம் தேர்வை விட்டுக்கொடுக்காமல் வாதாடினார். அவர் ஓய்வு பெற்றபின், 2015இல் அந்த நாற்காலிக்கு வந்தவர் ஜோசப் ஹாஜ். பாலஸ்தீனத்திலிருந்து குடியேறிய பெற்றோரின் மகன். இளம் வயதில் இதே குத்ரியில் நடித்தவர்.

அதற்குப் பிறகு என்ன மாறியது? குத்ரி 1975 முதல் கிறிஸ்துமஸ் தோறும் நடத்தும் டிக்கன்ஸின் 'எ கிறிஸ்துமஸ் கேரல்' நல்ல உதாரணம். இந்த ஊர்க் குழந்தைகள் பலர் வாழ்க்கையில் முதலில் பார்க்கும் நாடகம் அதுவே. 2021 முதல் மேடையேறும் பிரதியை எழுதியவர் லவீனா ஜட்வானி என்ற இந்திய அமெரிக்கர். மேடையில் விக்டோரியா காலத்து லண்டன்காரர்களாகக் கறுப்பரும் ஆசியரும் வெள்ளையரும் கலந்து வருகிறார்கள்.

"சின்ன வயசுல பார்த்தப்போ எனக்கு அது வெள்ளைக்காரங்க விஷயம். இப்போ என் தம்பிக்கு அப்படித் தோணல. அதுவே ஒரு மாற்றம்தான்" என்றாள் பெண். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா அத்தை, கதை டிக்கன்ஸோடதுதானே?" என்றாள்.

நடிகர் தேர்வை ஒரே பருவத்தில் மாற்றிவிடலாம். பிரதி அதேதான், ஆடை அதேதான், டிக்கெட் வாங்குகிறவர்களும் அதே ஆட்கள்தான். எந்த நாடகத்தைப் போடுவது என்பதில் கை வைத்தால் செலவும் அச்சமும் கூடுகின்றன. எழுத்தாளரைத் தேட வேண்டும், ஆண்டுக்கணக்கில் பிரதியை வளர்க்க வேண்டும், பார்வையாளர் வருவாரா என்று கவலைப்பட வேண்டும். பூர்வகுடி எழுத்தாளர்களான டை டெஃபோவும் லரிஸா ஃபாஸ்ட்ஹார்ஸும் சேர்ந்து எழுதிய 'ஃபார் தி பீப்பிள்' குத்ரியில் மேடையேறியது 2023இல். இதே நகரின் ஃபிராங்க்ளின் அவென்யூவில், பூர்வகுடிகள் வாழும் வட்டாரத்தில் நடக்கும் கதை. உள்ளூர்ப் பூர்வகுடி மக்களோடு பலமுறை உட்கார்ந்து பேசி உருவாக்கினார்கள். அரங்கு திறந்து அறுபது ஆண்டுகள் கழித்து வந்த நாடகம் அது. ஃபிராங்க்ளின் அவென்யூவோ நாங்கள் நின்ற இடத்திலிருந்து நடந்தே போய்விடும் தூரம்.

தீயணைப்பு நிலையம்

அங்கிருந்து கால்பந்து மைதானத்தின் பக்கமாக நடந்து, நெடுஞ்சாலையைத் தாண்டினால் சீடர்-ரிவர்சைட் வட்டாரம். முதலில் கண்ணில் படுவது சிவப்பும் மஞ்சளும் நீலமுமாகச் சதுரத் தகடுகள் பதித்த அடுக்குமாடிகள். வடிவமைத்தவர் ரால்ஃப் ராப்சன். குத்ரியின் பழைய கட்டிடத்தைக் கட்டியவரும் அவர்தான். அந்த அரங்கின் இருக்கைகளுக்கும் இப்படித்தான் பல வண்ணம் கொடுத்திருந்தார். அரங்கை 2006இல் இடித்துவிட்டார்கள். மாடிகள் நிற்கின்றன. இன்று அவற்றில் வாழ்பவர்களில் பெரும்பகுதியினர் சோமாலியா முதலான கிழக்கு ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வந்தவர்கள். தெருமுனைக் கடையில் ஏலக்காய் மணக்கும் பால் தேநீரும் சம்பூசாவும் வாங்கிக்கொண்டோம். சம்பூசா என்பது நம் சமோசாவின் உறவினர். உள்ளே கொத்துக்கறி, காரம் சற்றுக் கூடுதல்.

அந்த மாடிகளின் நிழலில் ஒரு பழைய செங்கல் கட்டிடம். 1887இல் கட்டிய தீயணைப்பு நிலையம். இப்போது அது 'மிக்ஸ்டு பிளட்' நாடக அரங்கு. கலப்பு ரத்தம் என்று வேண்டுமென்றே சீண்டும் பெயர். 1976இல் இதைத் தொடங்கிய ஜாக் ரூலருக்கு அப்போது 22 வயது. மார்ட்டின் லூதர் கிங் கண்ட கனவுக்கு மேடையில் ஒரு வடிவம் கொடுக்க நினைத்த வெள்ளைக்கார இளைஞர். எந்த இனத்தவரும் எந்தப் பாத்திரத்திலும் நடிக்கலாம் என்பது அவர் வைத்த விதி. வெளியே உலகம் எப்படி இருந்தாலும் இந்தச் செங்கல் சுவருக்குள் நிறம் யாரையும் தடுக்காது என்பது அவர் நம்பிக்கை. 2022இல் அவர் விலகி மார்க் வால்டெஸ் பொறுப்பேற்கும்வரை 46 ஆண்டுகள் அவர்தான் நடத்தினார்.

சுமார் 200 பேர் உட்காரக்கூடிய கூடம். தீயணைப்பு வண்டிகள் நின்ற தரையில் நாடகம். ஆனால் நான் வியந்தது நடிகர் தேர்வைப் பார்த்து அல்ல, டிக்கெட்டைப் பார்த்து. 2011இல் இவர்கள் ஒரு முடிவெடுத்தார்கள். முன்பதிவு வேண்டுமென்றால் ஒரு சிறு தொகை, இல்லையென்றால் நேரில் வந்து இடம் இருக்கும்வரை இலவசமாக உள்ளே போகலாம். மேடையில் பல நிறம், எதிரே ஒரே நிறம் என்ற நிலை இவர்களை உறுத்தியிருக்கிறது. பக்கத்து மாடியில் இருக்கும் சோமாலியக் குடும்பம் தெருவைக் கடந்து வரவில்லை என்றால் மேடையில் யாரை நிறுத்தி என்ன பயன்?

படியில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டே அவள் தன் ஆடிஷன் கதைகளைச் சொன்னாள். ஊரில் ஒரு சிறிய அரங்கு, பெயர் வேண்டாம். ஓர் அமெரிக்கக் குடும்ப நாடகத்தில் மகள் பாத்திரத்துக்குப் போயிருக்கிறாள். வாசித்து முடித்ததும், நன்றாக இருக்கிறது, பக்கத்து வீட்டு டாக்டர் பாத்திரத்தையும் ஒருமுறை வாசிக்க முடியுமா, கொஞ்சம் இந்திய உச்சரிப்போடு, என்று கேட்டிருக்கிறார்கள்.

"எனக்கு இந்திய உச்சரிப்பே வராது அத்தை. அப்பா பேசுற மாதிரி பேசிக் காட்டினேன். அதுக்கு, இன்னும் கொஞ்சம் இந்தியத்தனமா வேணும்னாங்க."

என் அண்ணன் திருநெல்வேலிக்காரன். அவன் ஆங்கிலமே போதாது என்றால் வேறு என்னதான் எதிர்பார்த்தார்கள் என்று புரியவில்லை. சிரித்தோம். ஆனால் இதில் விஷயம் இருக்கிறது. அந்தச் சிறிய அரங்கின் அறிவிப்பிலும் எல்லா இனத்தவரும் விண்ணப்பிக்கலாம் என்ற வரி இருந்தது. கதவு திறந்திருந்தது. உள்ளே போனதும், உனக்கு இந்த அறைதான் என்று காட்டிவிட்டார்கள். அப்படிப் பார்த்தால் மிக்ஸ்டு பிளட் வைத்த விதி எளிய விதி அல்ல. 1976இல் அதைச் சொல்லவே துணிச்சல் வேண்டியிருந்திருக்கும்.

பாலத்துக்கு அப்பால்

வெஸ்ட் பாங்க் நிறுத்தத்தில் பசுமைத் தடத்து ரயில் ஏறினோம். இரண்டு நகரங்களையும் இணைக்கும் இந்தத் தடம் 2014இல் திறந்தது. முதல் திட்டத்தில் செயின்ட் பாலின் ஏழை வட்டாரங்களில் மூன்று நிறுத்தங்கள் விடுபட்டிருந்தன. ரயில் அந்த மக்களின் தெருவைக் கிழித்துக்கொண்டு போகும், ஆனால் அவர்களுக்காக நிற்காது. போராடித்தான் அந்த மூன்று நிறுத்தங்களையும் வாங்கினார்கள்.

டேல் தெருவில் இறங்கித் தெற்கே நடந்தால் ஒரு பாலம். கீழே ஐ-94 நெடுஞ்சாலையில் வாகனங்கள் பறக்கின்றன. அந்தப் பள்ளம் இருக்கும் இடத்தில் ரோண்டோ என்ற கறுப்பர் வட்டாரம் இருந்தது. 1950களின் பிற்பகுதியிலும் 60களிலும் நெடுஞ்சாலைக்காக அதை நடுவில் வெட்டிப் பிளந்தார்கள். நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வீடிழந்தன. கடைகளும் கூடுமிடங்களும் சிதறின. பாலத்தின் மறுபக்கம், சில தெருக்கள் தள்ளி, ஹாலி க்யூ. பிரவுன் சமூக மையம். 1929 முதல் இந்தச் சமூகத்துக்குத் துணை நிற்கும் அமைப்பு. முதியோருக்கான நிகழ்ச்சிகள், குழந்தைகள் பள்ளி, இல்லாதவர்களுக்கு மளிகை கொடுக்கும் உணவுக் கிடங்கு எல்லாம் அதன் பணிகள். அதே கூரையின் கீழ்தான் பெனம்ப்ரா நாடக அரங்கும். சுமார் 250 இருக்கைகள். அமெரிக்காவின் மிக முக்கியமான கறுப்பர் நாடக அரங்குகளில் ஒன்றைத் தேடி வந்தவர்கள் அதன் வாசலைத் தாண்டிப் போய்விடலாம். அவ்வளவு அடக்கமான கட்டிடம்.

லூ பெல்லமி இதைத் தொடங்கியதும் 1976இல். மிக்ஸ்டு பிளட் பிறந்த அதே ஆண்டு, ஆற்றின் இந்தப் பக்கம். ஒரே கேள்விக்கு நேர் எதிரான விடை. மற்றவர் கதையில் நமக்கு ஒரு பாத்திரம் கிடைக்குமா என்று பெல்லமி கேட்கவில்லை. நம் கதையை, நம் மக்கள் முன்னால், நம் பார்வையில் சொல்வோம் என்றார்.

1978இல் பிட்ஸ்பர்க்கிலிருந்து இந்த ஊருக்கு வந்தார் ஒரு கவிஞர். அறிவியல் அருங்காட்சியகத்துக்குச் சிறு நாடகங்கள் எழுதிக் கொடுத்தார், ஒரு தொண்டு நிறுவனத்தில் சமையல் வேலை பார்த்தார். அவர் ஆகஸ்ட் வில்சன். அவருடைய நாடகத்தை முதன்முதலில் தொழில்முறை மேடையில் ஏற்றியது பெனம்ப்ராதான். 1981இல், 'பிளாக் பார்ட் அண்ட் தி சேக்ரட் ஹில்ஸ்'. பின்னாளில் 'ஃபென்சஸ்', 'தி பியானோ லெசன்' ஆகியவற்றுக்காக இரண்டு முறை புலிட்சர் பரிசு பெற்றார். 20ஆம் நூற்றாண்டின் ஒவ்வொரு பத்தாண்டுக்கும் ஒன்றாகக் கறுப்பர் வாழ்வைப் பத்து நாடகங்களில் எழுதி முடித்தார்.

நாங்கள் நடந்துகொண்டே பேசிய விஷயத்தை அவர் 1996 ஜூன் 26 அன்று ஊரறியப் போட்டு உடைத்தார். பிரின்ஸ்டனில் நாடகத் துறையினர் மாநாடு. தேசிய வட்டார அரங்குகளின் கூட்டமைப்பில் 66 அரங்குகள் இருக்கின்றன, அவற்றில் கறுப்பர் அரங்கு ஒன்றே ஒன்று என்று சுட்டிக்காட்டினார். நிறம் பாராமல் நடிகரைத் தேர்வது என்ற கொள்கையையும் அடியோடு நிராகரித்தார். வெள்ளையர் வாழ்வைச் சொல்ல எழுதிய 'டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்' போன்ற நாடகத்தைக் கறுப்பர்களை வைத்துப் போடுவது, கறுப்பருக்கென்று வரலாறு இல்லை என்று சொல்வதற்குச் சமம் என்பது அவர் வாதம். நடிகருக்கு வேலை கொடுக்கிறோம் என்ற பெயரில் பணம் பெரிய வெள்ளையர் நிறுவனங்களுக்கே போகிறது, கறுப்பர் அரங்குகள் பட்டினி கிடக்கின்றன என்றார். விமர்சகர் ராபர்ட் புருஸ்டைன் இதைப் பிரிவினைவாதம் என்றார். 1997 ஜனவரியில் நியூயார்க்கின் டவுன் ஹாலில் இருவரும் ஒரே மேடையில் மோதினார்கள். வில்சனின் நாடகங்களே பெரும்பாலும் வெள்ளையர் நடத்தும் அரங்குகளில் வளர்ந்துதானே பிராட்வே போயின என்ற கேள்வியும் எழுந்தது. நியாயமான கேள்விதான். ஆனால் முதல் கதவைத் திறந்தது எந்த வீடு என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

என் அண்ணன் மகள் வில்சன் கட்சி இல்லை. "அவர் சொல்றது புரியுது. அவருக்குப் பின்னாடி ஒரு பெரிய சமூகம், அவங்களுக்குன்னு ஒரு அரங்கு. நான் என்ன செய்யட்டும்? எனக்காக யாராவது நாடகம் எழுதுற வரைக்கும் சும்மா உட்கார்ந்திருக்கணுமா? ஹாம்லெட்ல ஒஃபீலியாவா நடிக்க என்னைக் கூப்பிட்டா நான் போவேன் அத்தை."

போகத்தான் வேண்டும். இருபது வயதில் இருக்கும் நடிகைக்கு மேடைதான் பள்ளிக்கூடம். வில்சனும் நடிகர்களுக்கு வேலை கிடைக்கக் கூடாது என்று சொல்லவில்லை. அந்த வேலையைக் காட்டிக் கணக்கை முடித்துவிடாதீர்கள் என்றார். பந்தியில் நமக்கு ஓர் இலை போடுவது ஒன்று, என்ன சமைப்பது என்று நம்மைக் கேட்பது இன்னொன்று, பந்தி நடக்கும் வீடு யாருடையது என்பது மூன்றாவது. முதலாவது கிடைத்த மகிழ்ச்சியில் மற்ற இரண்டையும் மறந்துபோவது எளிது.

மூன்றாவது எவ்வளவு கடினம் என்பதற்கு பெனம்ப்ராவே சாட்சி. 2012இல், குத்ரியின் பொன்விழாப் பட்டியல் மீது சண்டை நடந்த அதே ஆண்டில், பெனம்ப்ரா பணமில்லாமல் ஊழியர்களை அனுப்பிவிட்டு நாடகங்களை நிறுத்திவைக்க நேர்ந்தது. ஊர் மக்கள் நன்கொடை திரட்டிக் கொடுத்த பிறகே மீண்டது. ஒரு பக்கம் பட்டியலில் யார் பெயர் என்ற விவாதம், இன்னொரு பக்கம் விளக்கை எரிய வைக்க முடியுமா என்ற கவலை. இன்று லூவின் மகள் சாரா பெல்லமி பொறுப்பில் இருக்கிறார். 2020இல் பெனம்ப்ரா தன்னை நாடக அரங்கு என்பதோடு நிறுத்தாமல், இனவெறியின் காயங்களை ஆற்றும் மையமாக விரிவாக்கப் போவதாக அறிவித்தது. 2021இல் கொடையாளர் மெக்கன்சி ஸ்காட் 5 மில்லியன் டாலர் கொடுத்தார். பெரிய தொகைதான். ஆற்றங்கரை நீலக் கட்டிடத்தின் செலவில் அது 25இல் ஒரு பங்கு.

இங்கும் கிறிஸ்துமஸ் நாடகம் உண்டு. லாங்ஸ்டன் ஹியூஸ் எழுதிய 'பிளாக் நேட்டிவிட்டி'. இயேசு பிறப்பைக் கறுப்பர் தேவாலயப் பாட்டும் ஆட்டமுமாகச் சொல்வது. பல பத்தாண்டுகளாக ஊர் கூடிப் பார்க்கும் நிகழ்ச்சி. டிக்கன்ஸின் கதைக்குள் கறுப்பருக்கு இடம் தேடும் வேலை இங்கே யாருக்கும் இல்லை.

நடிகர்கள் சரி, கதை?

திரும்ப ரயில். அடுத்த நிறுத்தம் வெஸ்டர்ன். போராடி வாங்கிய மூன்றில் ஒன்று. சன்னல் வழியே வியட்நாமிய உணவகங்களும் ஹுமாங் மக்களின் கடைகளும். குட்டி மீகாங் என்று இந்த வட்டாரத்துக்குப் பெயர். வியட்நாம் போரின்போது லாவோஸ் மலைகளில் அமெரிக்காவுக்காகச் சண்டையிட்டு, அமெரிக்கா கிளம்பிய பிறகு உயிர் தப்பி ஓடிவந்தவர்கள் ஹுமாங் மக்கள். அமெரிக்க நகரங்களில் அவர்கள் மிக அதிகமாக வாழ்வது செயின்ட் பாலில்தான்.

சில நிமிடப் பயணத்தில் நகர மையம். ரைஸ் பூங்காவை ஒட்டி ஆர்ட்வே கலை மையம். 1985இல் திறந்தது. கண்ணாடி முகப்பு, மரங்களுக்கு நடுவே பளபளக்கும் விளக்குகள். பிராட்வேயிலிருந்து ஊர் ஊராகப் போகும் பெரிய இசை நாடகங்கள் இங்கே வந்து இறங்கும். 'மிஸ் சைகான்' 1990களில் இரண்டு முறை வந்தது. 2013இல் மூன்றாம் முறை வந்தது. மூன்று முறையும் எதிர்ப்பு.

இந்த நாடகத்தின் வரலாறு இப்படி. 1989இல் லண்டனில் தொடங்கியபோது, வியட்நாமிய-பிரெஞ்சுக் கலப்பினத் தரகன் பாத்திரத்தில் ஜானதன் பிரைஸ் என்ற வெள்ளைக்கார நடிகர், கண்ணிமையை மாற்றும் ஒட்டுப்பூச்சோடு நடித்தார். 1990இல் அவரையே பிராட்வேக்குக் கொண்டுவர முயன்றபோது நாடகாசிரியர் டேவிட் ஹென்றி ஹ்வாங்கும் நடிகர் பி.டி. வாங்கும் எதிர்த்தனர். நடிகர் சங்கம் முதலில் அனுமதி மறுத்தது. தயாரிப்பாளர் நாடகத்தையே ரத்து செய்வதாக அறிவிக்கவும் சங்கம் பின்வாங்கியது. ஆனாலும் அந்தச் சண்டை வீண்போகவில்லை. பிறகு அந்தப் பாத்திரத்துக்கு ஆசிய நடிகர்கள் வரத் தொடங்கினார்கள்.

அப்படியென்றால் 2013இல் இந்தப் பூங்காவில் ஏன் பதாகை பிடித்தார்கள்? நடிகர்கள் ஆசியர்கள்தானே?

கதை மாறவில்லை. மதுக்கூடத்தில் உடலை விற்கும் வியட்நாமியப் பெண் ஓர் அமெரிக்கச் சிப்பாயைக் காதலிக்கிறாள். அவன் போய்விடுகிறான். அவன் குழந்தை அமெரிக்காவில் வாழ வேண்டும் என்பதற்காக அவள் தற்கொலை செய்துகொள்கிறாள். தங்கள் தாய்மாரின் போரும் ஓட்டமும் பிழைப்பும் இப்படி ஒரு சித்திரமாக உறைந்துபோவதை எதிர்த்துத்தான், அந்த அகதிகளின் பிள்ளைகள் உள்பட ஆசிய அமெரிக்கர்கள் இங்கே நின்றார்கள். டிக்கெட் வாங்காதீர்கள் என்றார்கள். மறுபக்கத்தின் வாதமும் சாதாரணமானதல்ல. ஆசிய நடிகர்களுக்கு இத்தனை வேலை கொடுக்கும் இன்னொரு பெரிய இசை நாடகத்தைக் காட்டு பார்க்கலாம் என்றால், எளிதாகக் காட்ட முடியாது. அந்த வேலையில் வீட்டு வாடகை கொடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

நாள் முழுவதும் நடந்து தேடிய விடை இந்தப் பூங்காவில்தான் எனக்குத் தெளிவாயிற்று. நடிகர் தேர்வு நூற்றுக்கு நூறு சரியாக இருந்தும் ஒரு நாடகம் ஒரு சமூகத்தை அவமதிக்கலாம். சரியான முகங்கள் மேடையில் இருப்பதாலேயே அந்த அவமதிப்புக்கு உண்மையின் சாயல்கூட வந்துவிடலாம்.

ஆர்ட்வேயின் நாடகத்தோடு சண்டை போட்டவர்கள் வெறும் எதிர்ப்போடு நிற்கவில்லை. இந்த ஊரில் 1992இலேயே 'தியேட்டர் மூ' என்ற ஆசிய அமெரிக்க நாடகக் குழு பிறந்திருந்தது. 'மிஸ் சைகான்' சர்ச்சையை அடிப்படையாக வைத்து ஹ்வாங் எழுதிய 'யெல்லோ ஃபேஸ்' நையாண்டி நாடகத்தை அவர்கள் 2010இல் மேடையேற்றினார்கள். எங்கே? குத்ரியின் சிறிய அரங்கில். மூவுக்குச் சொந்தக் கட்டிடம் இல்லை. பெரிய அரங்குகளில் இடம் கேட்டு, வாடகை கொடுத்து நாடகம் போடுகிறார்கள். இடம் கொடுத்ததில் குத்ரியைப் பாராட்டலாம். ஆனால் விருந்தாளி எப்போது வரலாம், எத்தனை நாள் தங்கலாம் என்பதை வீட்டுக்காரர்தான் சொல்வார்.

அதே 1992இல் தமிழர்கள் அறிந்த இன்னொரு குழுவும் இங்கே தொடங்கியது. ராணி ராமஸ்வாமி தொடங்கி, மகள்கள் அபர்ணா, அஸ்வினியோடு நடத்தும் ராகமாலா நாட்டியக் குழு. அலர்மேல் வள்ளியின் மரபில் வந்த பரதநாட்டியம். என் அண்ணன் மகள் அதைப் பார்த்து வளர்ந்தவள். "அவங்க யார்கிட்டயும் ஆடிஷன் கொடுக்கல அத்தை" என்றாள்.

பட்டியலைக் கையில் எடுத்தால்

ஆர்ட்வேயின் முகப்பில் வரப்போகும் நிகழ்ச்சிகளின் அச்சடித்த பட்டியல் ஒன்றை எடுத்துக்கொண்டு பூங்கா பெஞ்சில் உட்கார்ந்தோம். எந்த ஊர் அரங்கின் பட்டியலிலும் முதலில் கண்ணில் படுவது புகைப்படங்கள். பல நிறத்து முகங்கள் சிரிக்கும். அதைப் பார்த்தே திருப்தியடைந்துவிடத் தோன்றும். அவள் எனக்குப் பட்டியலைப் படிக்கும் முறையைச் சொல்லிக்கொடுத்தாள். எழுதியவர் யார். இயக்குபவர் யார். கறுப்பர் நாடகம் என்றால் பிப்ரவரியில், கறுப்பர் வரலாற்று மாதத்தில் மட்டும் வருகிறதா, பருவத்தின் தொடக்கத்திலும் வருகிறதா. பெரிய மேடையா, மாடியில் இருக்கும் சின்ன மேடையா. எத்தனை வாரம் ஓடுகிறது. கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் நிர்வாகக் குழுவில் யார் யார்.

நான் அதில் இரண்டு கேள்வி சேர்த்தேன். பக்கத்துத் தெருக்காரர் உள்ளே வர எவ்வளவு செலவாகும்? நெருக்கடி வந்தால் முதலில் மூடப்போவது எந்த அரங்கு? முதல் கேள்விக்கு மிக்ஸ்டு பிளட் ஒரு விடை வைத்திருக்கிறது. இரண்டாவது கேள்விக்கு இந்த ஊரில் விடை தெரியும், 2012இல் பார்த்துவிட்டார்கள். குத்ரியின் தலைமை மாறியது, பட்டியல் மெல்ல மாறுகிறது, அவை பொய்யில்லை. ஆனால் அந்த மாற்றம் ஒரு தலைவரின் விருப்பத்தைப் பொறுத்தது. அடுத்தவர் வந்து மாற்றிவிடலாம். பெனம்ப்ராவும் மூவும் நல்ல நிலையில் இருந்தால் யாருடைய விருப்பத்துக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. ஆகவே பன்முகத்தன்மை பற்றிப் பேசும் ஊர், தன் பெரிய அரங்கில் எத்தனை நிறத்து நடிகர்கள் என்று எண்ணுவதோடு, தன் சின்ன அரங்குகளின் வங்கிக் கணக்கையும் பார்க்க வேண்டும். கூரையும் சம்பளமும் இல்லாத இடத்தில் அடுத்த வில்சன் எங்கே எழுதுவார்?

"சரி, நீ என்ன செய்யப் போற?" என்று கேட்டேன்.

"ஆடிஷனுக்குப் போவேன், அதை விடமாட்டேன். ஆனா அடுத்த கோடையில ஓர் அரங்குல பிரதி வாசிக்கிற வேலை இருக்கு. வர்ற நாடகங்களைப் படிச்சு எதைப் போடலாம்னு குறிப்பு எழுதிக் கொடுக்கணும். சம்பளம் கம்மி. அப்பாகிட்ட நீங்கதான் சொல்லணும்."

சொல்கிறேன் என்றேன். ஒஃபீலியாவைவிட அந்த வேலை பெரியது என்பதை அண்ணனுக்கு எப்படிப் புரியவைப்பது என்பதுதான் இனி என் கவலை.